படம் வருதா?

பழைய டிவிகளில் படம் நின்ற அன்றைக்கு அந்தத் தெருவில் புத்தி தெளிவாக இருந்தவர் ஒருவரும் இல்லை. அதற்கு முன்னாலும் பெரிதாக இருந்ததில்லை. அன்றைக்குத்தான் அது வெளியே தெரிந்தது.

பழைய முறை ஒளிபரப்பை நள்ளிரவோடு நிறுத்துகிறோம், இனி டிஜிட்டல்தான், செட்டாப் பாக்ஸ் மாட்டினால்தான் படம் என்று அரசாங்கம் மாதக் கணக்கில் கத்தியது. அரசாங்கம் கத்தினால் எதையோ பிடுங்கப் போகிறது என்று மட்டும்தான் ஜனங்களுக்குப் புரியும். நள்ளிரவில் டிவி வெடிக்கும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுச் சலூன்காரர் ஈரக் கம்பளியைப் போர்த்தி, நன்றாக இருந்த டிவியை நனைத்துக் கொன்றார். எதிர்வீட்டுத் தபால்காரர் பாக்ஸ் வாங்கினார். ஒயரை மாட்டவில்லை. டிவியின் தலையில் பூந்தொட்டி மாதிரி வைத்துவிட்டுப் படம் வரும் என்று உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் காலையில் குடோன் மேஸ்திரி ஆன்டெனாவைத் திருப்ப மொட்டை மாடிக்கு ஏறினார். வராத படத்துக்காகத் திருப்பு திருப்பென்று திருப்பி, கைப்பிடிச் சுவரோடு சேர்ந்து கீழே வந்து விழுந்தார். செங்கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஸ்திரி செத்துப்போனார்.

அடக்கம் முடிந்த கையோடு மேஸ்திரியின் மாப்பிள்ளையைப் போலீஸ் பிடித்து உள்ளே வைத்தது. மாப்பிள்ளை டிவி கடைக்காரன். இரண்டு நாள் கழித்து, அவனை வெளியே எடுத்துக் கொடுங்கள் என்று மேஸ்திரியின் மகள் ஏட்டைத் தேடி வந்தாள். அவள் அழவில்லை. அப்பனைப் புதைத்துவிட்டு வந்தவள் புருஷனைப் பற்றி மட்டுமே பேசினாள். ஏட்டுக்கு அது பிடித்திருந்தது. அழுகிறவர்கள் பேசுவது அரைகுறையாகத்தான் காதில் விழும்.

ஏட்டு என்றால் இப்போது ஏட்டு இல்லை. போலீசில் இருந்து ஓய்வு பெற்று, அச்சாபீஸ் மாடியில் ஒரு அறை பிடித்துத் துப்புத் துலக்கிக்கொண்டிருந்தார். படிப்பு அதிகம் கிடையாது, நம்பிக்கை அதைவிடக் குறைச்சல். கூட இருப்பவனுக்கு ரேடியோ என்று பெயர். நாற்பது வயதாகியும் வாய்க்குப் பொத்தான் வைக்கத் தெரியாதவன்.

இரண்டு பேரும் முதலில் ஸ்டேஷனுக்குப் போனார்கள். இன்ஸ்பெக்டர் ஏட்டுக்குக் கீழே வேலை பழகியவர், அந்த மரியாதைக்கு நாற்காலி கிடைத்தது. விஷயம் எளிது என்றார் அவர். டிஜிட்டல் என்பதே அரசாங்கமும் மாப்பிள்ளையும் சேர்ந்து பாக்ஸ் விற்கச் செய்த சூழ்ச்சி என்று மேஸ்திரி தெருவில் நின்று ஏசியிருக்கிறார். மாமனுக்கும் மருமகனுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. அன்று காலை பெண்டாட்டியைக் கூட்டிப்போக வந்தவன் வாசல் படி ஏறாமல் பைக்கிலேயே உட்கார்ந்திருந்தான். உள்ளே டிவியில் படமே இல்லை, புள்ளி புள்ளியாக எறும்புதான் ஓடுகிறது என்று மேஸ்திரி கத்தினார். அதற்கு அவன் சொன்ன பதிலைத் தபால்காரர் கேட்டிருக்கிறார்.

"மாடிக்குப் போய் ஆன்டெனாவைத் திருப்புங்க மாமா, படம் பளிச்சுனு வரும். இதான் அவன் சொன்னது" என்றார் இன்ஸ்பெக்டர். "வராதுன்னு தெரிஞ்சே ஏத்திவிட்டிருக்கான். அந்தத் தெருவுல விஷயம் புரிஞ்ச ஒரே ஆள் அவன்தான். புரிஞ்சவன்தான் குற்றவாளி."

"அப்படிப் பார்த்தா இந்த ஸ்டேஷன்ல யாரையுமே சந்தேகப்பட முடியாதுங்களே" என்றான் ரேடியோ.

ஏட்டு அவன் காலை மிதித்துவிட்டு, திருப்பும்போது வீட்டுக்குள் யார் யார் இருந்தார்கள் என்று கேட்டார். மேஸ்திரியின் மனைவி டிவி முன்னால் இருந்தாள். மகள் மாடிப்படியில் நின்றாள். கூடத்தில் பேசினால் மாடிக்குக் கேட்காது. அதனால் டிவி முன்னால் இருப்பவர் சொல்வதைப் படியில் நிற்பவர் வாங்கி மேலே கத்த வேண்டும். ஆன்டெனா வைத்த வீடுகளில் எல்லாம் அதுதான் வழக்கம்.

"டிவி முன்னாடி இருந்தவங்க என்ன சொன்னாங்க?"

"தெரியுது, தெரியுது, இன்னும் இடது பக்கம்னு சொல்லியிருக்காங்க. கிழவிக்கு எறும்பு எது, படம் எதுன்னு என்ன தெரியும்? ஊரே குழம்பிக் கிடக்கு ஏட்டய்யா."

வெளியே வந்ததும் ஏட்டு தன் கணக்கைச் சொன்னார். இன்ஸ்பெக்டர் சொன்னதில் பாதி சரி. விஷயம் புரிந்தவன்தான் குற்றவாளி. அது ஒரே ஆள்தானா என்பதுதான் கேள்வி. அந்தத் தெருவில் முட்டாளாக இல்லாத இன்னொருவரைக் கண்டுபிடித்தால் மாப்பிள்ளை வெளியே வந்துவிடுவான்.

"முட்டாள் வேஷம் போடுறவங்களைக் கண்டுபிடிக்கலாங்க" என்றான் ரேடியோ. "நிஜ முட்டாளுங்க நடுவுல போய்த் தேடணும்னா ஆளுக்கு ஒரு வருஷம் ஆகும்."

தெருவில் இரண்டு சாட்சிகள். மேஸ்திரி வீட்டுக்கும் சலூனுக்கும் ஒரே சுவர். சலூன்காரர், சவரத்துக்கு வந்த ஒருவன் கன்னத்தில் சோப்பைத் தடவி அப்படியே விட்டுவிட்டுப் பேச ஆரம்பித்தார். மேஸ்திரி நல்ல மனுஷன் என்று தொடங்கினார். செத்தவர்களை எல்லாம் அவர் அப்படித்தான் தொடங்குவார். பிறகு மெதுவாக நிஜம் வந்தது. முப்பது வருஷமாக ஆன்டெனாவைத் திருப்பியது மேஸ்திரியின் மனைவிதான். மழையென்றாலும் காற்றென்றாலும் அவள் மாடியில், அவர் நாற்காலியில். இரண்டு மாதத்துக்கு முன்னால் குத்துச்சண்டைப் போட்டியின் நடுவில் படம் ஆடிப்போயிற்று. அவள் இறங்கி வந்ததும் அவர் அவளுடைய வலது மணிக்கட்டைப் பிடித்து, டிவி குமிழைத் திருகுவதுபோலத் திருகினார். எலும்பு முறிந்த சத்தம் சுவரைத் தாண்டிக் கேட்டதாம்.

"நீங்க போய் ஏன்னு கேக்கலையா?" என்றார் ஏட்டு.

அது புருஷன் பெண்டாட்டி விவகாரம் அல்லவா என்றார் சலூன்காரர். கன்னத்தில் சோப்போடு இருந்தவனும் தலையாட்டினான்.

கை உடைந்ததால்தான் அன்றைக்கு மேஸ்திரியே மாடி ஏற வேண்டி வந்தது. சுவர் வழியாக என்ன கேட்டது என்றதற்குச் சலூன்காரர் சத்தியம் செய்தார். முதலில் இடது, இடது என்று அந்த அம்மாளின் குரல். கடைசியாக, அவர் விழுவதற்குச் சற்று முன்னால், "போதும், இறங்கி வரச் சொல்லு" என்று சொன்னாள்.

எதிர்வீட்டுத் தபால்காரர் அதைக் கேட்டுச் சிரித்தார். போதும் என்று யாரும் சொல்லவில்லை, கடைசி வரைக்கும் இன்னும் இடது, இன்னும் இடது என்றுதான் தெருவுக்கே கேட்டது, சலூன்காரனுக்குக் காதிலும் சோப்பு என்றார். இருவரும் நடுத்தெருவில் சண்டைக்கு நின்றார்கள். கடைசியில் கேட்டது என்ன என்பதில் இவர்கள் சொன்னதை இன்ஸ்பெக்டர் ஏன் ஒதுக்கிவிட்டார் என்று ஏட்டுக்குப் புரிந்தது.

மேஸ்திரி வீட்டில் மகள் இல்லை, கடையைத் திறக்கப் போயிருந்தாள். அவளுடைய அம்மாதான் கதவைத் திறந்தாள். மெலிந்த உருவம். வலது கையில் விரல் நுனி மட்டும் தெரியும்படி மாவுக்கட்டு. உட்காரச் சொல்லிவிட்டு இடது கையால் டீ கொண்டுவந்தாள். வருவதற்குள் பாதி தட்டில் சிந்திவிட்டது. கையில் என்ன என்று கேட்டதற்கு வழுக்கி விழுந்தேன் என்றாள்.

கூடத்தில் எல்லாவற்றுக்கும் துணி உறை. டிவிக்கு, மிக்ஸிக்கு, டெலிபோனுக்கு, மின்விசிறியின் மோட்டாருக்குக்கூட. வெளிர்மஞ்சள் துணியில் நீல நூல் ஓரம், எறும்பு வரிசை மாதிரி பொடித் தையல். உறை இல்லாமல் நின்றது சுவர்க்கடிகாரம் ஒன்றுதான். அதற்குக் குளிராதா என்று ரேடியோ கேட்டான். அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

டிவிக்குக் கீழே செட்டாப் பாக்ஸ் இருந்தது. அதற்கும் ஓர் உறை. பின்பக்கம் நாடாவால் கட்டியிருந்தது.

பாக்ஸ் எப்போது வந்தது என்று கேட்டார் ஏட்டு. அடக்கம் முடிந்த மறுநாள் வார்டு ஆபீசில் கொடுத்தார்கள் என்றாள். அதற்கு முன்னால் இதைப் பற்றித் தனக்கு ஒன்றும் தெரியாது, பொம்பளைக்கு இதெல்லாம் எங்கே புரிகிறது என்றும் சொன்னாள்.

ஏட்டு டீயைக் குடித்து முடித்தார். பிறகு ஊர்க்கதை பேசுவதுபோலக் கேட்டார். "உறை ரொம்ப நேர்த்தியா இருக்கும்மா. யார் தைச்சது?"

"நான்தான். இந்தத் தெருவுல இவ்வளவு பொடியா வேற யார் தைப்பா?" என்றாள். முப்பது வருஷத்தில் அவளை யாரும் எதற்கும் பாராட்டியிருக்க மாட்டார்கள். வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அவளுடைய கண் தன் மாவுக்கட்டின்மேல் விழுந்தது.

"அடக்கம் முடிஞ்ச மறுநாள் வந்த பாக்ஸுக்கு" என்றார் ஏட்டு, "ரெண்டு மாசத்துக்கு முன்னாடியே உடைஞ்ச கையால தைச்சிருக்கீங்க."

ரேடியோ டீத்தட்டை எடுத்து மேசையில் சத்தம் வராமல் வைத்தான்.

அவள் மறுக்கவில்லை. மறுத்துப் பழக்கமில்லாதவள். கை உடைவதற்கு முன்பே, வார்டு ஆபீசில் கொடுக்க ஆரம்பித்த முதல் நாளே ஆஸ்பத்திரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு வரிசையில் நின்று வாங்கியிருக்கிறாள். எப்படி மாட்டுவது, என்றைக்குப் பழைய படம் நிற்கும் என்பதையெல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வீட்டுக்குள் ஒட்டுக்கேட்க அரசாங்கம் வைக்கிற காதுதான் அந்தப் பாக்ஸ் என்று மேஸ்திரி சொல்லிக்கொண்டிருந்தார். பார்த்தால் உடைத்துவிடுவார். அதனால் அவர் குடோனுக்குப் போனதும் மாட்டுவாள், வருவதற்குள் கழற்றித் துணிப்பெட்டிக்குள் வைத்துவிடுவாள்.

"ஆக, அன்னிக்கு எறும்பு ஓடினது ஏன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

"அப்புறம் எதுக்குத் தெரியுதுன்னு சொன்னீங்க?"

கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள். "அந்த நாற்காலியில நான் உக்காந்தது அன்னிக்குத்தாங்க. உக்காந்ததும் அவர் மாதிரியே வாய் வந்துச்சு."

கேட்காமலே பழைய கதையையும் சொன்னாள். சின்ன வயதிலிருந்து மகள்தான் படியில் நிற்பாள். மேஸ்திரி நாற்காலியில் இருந்து, அந்தக் கழுதைக்கு இடது கை எதுன்னு தெரியாதான்னு கேளு என்பார். குழந்தை அதை ஒரு எழுத்து குறையாமல் மேலே நிற்கும் அம்மாவிடம் கத்த வேண்டும். குறைத்துச் சொன்னால் அடி. இடது பக்கச் சுவர் ஆடுகிறது என்று மேலே இருந்து இவள் சொல்வாள், குழந்தை அதைக் கீழே கொண்டுபோகும். பதில் வராது.

"கடைசி வரைக்கும் இடதுன்னு சொன்னது நான்தான்" என்றாள். "அதை எழுதிக்கங்க. அவ பாவம், நான் சொன்னதைச் சொன்னா. மாப்பிள்ளையை விட்டுடச் சொல்லுங்க."

சாட்சிக்கு அந்த உறை வேண்டும் என்றார் ஏட்டு. அவள் எழுந்து பாக்ஸைத் திருப்பி, பின்பக்கம் இருந்த முடிச்சை இடது கையால் இழுத்தாள். வரவில்லை. குனிந்து பல்லால் கடித்தாள். ஒரு முடிச்சுக்காக அவள் பட்ட பாட்டைப் பார்க்கச் சகிக்காமல் ஏட்டே வாங்கி அவிழ்த்தார். இரட்டை முடிச்சு. இறுக்கமாக, அழகாகப் போட்டிருந்தது.

மதியத்துக்குள் இன்ஸ்பெக்டர் வந்து அவளை ஜீப்பில் ஏற்றினார். சாயங்காலம் மாப்பிள்ளையை விட்டுவிடுவதாகச் சொன்னார். தெரு முழுக்க வாசலில் நின்று வேடிக்கை பார்த்தது. எலும்பு முறிந்தபோது வெளியே வராதவர்கள் எல்லாம் அப்போது வந்திருந்தார்கள். கல்லானாலும் கணவன் அல்லவா என்று ஒருத்தி சொன்னாள். கல்தானே விழுந்தது என்று ரேடியோ முணுமுணுத்தான்.

வேலை முடிந்துவிட்டது. ஆனால் ஏட்டு தெருமுனையில் நின்றுவிட்டார். தேடிக் கிடைத்ததைத்தான் அவர் நம்புவார், காலடியில் தானாக வந்து விழுந்ததை நம்புகிறவர் இல்லை. அந்த உறையைத் தேடி அவர் எதையும் புரட்டவில்லை. கூடத்தில் கண்ணெதிரே வைத்திருந்தது.

"என்னங்க யோசனை?" என்றான் ரேடியோ. "ஒத்தைக் கையால ஒருத்தர் வாழுறது கஷ்டந்தாங்க. என் மாமா ஒருத்தர் கை உடைஞ்சு கிடந்தார். சட்டை போட்டுப்பார், சோறு தின்பார், என்னைக்கூட அடிப்பார். ஷூ நாடா மட்டும் நான்தான் கட்டிவிடணும்."

ஏட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார். ஒரு கையால் உறையை மாட்டலாம். நாடாவில் இரட்டை முடிச்சுப் போட முடியாது. அந்த அம்மாள் பல்லால் கடித்தது உறையைக் கழற்றுவதற்காக அல்ல. முடிச்சை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்றுதான்.

துணிப்பெட்டிக்குள் கிடந்த உறையை எடுத்து, இவர்கள் வருகிற அன்றைக்கென்று மாட்டி வைத்தது யார்? இவர்கள் வருவது யாருக்குத் தெரியும்?

"இன்னொண்ணு இருக்குங்க" என்றான் ரேடியோ. இப்போது அவன் குரலில் விளையாட்டு இல்லை. "பாக்ஸ் விக்கிறவன் பெண்டாட்டிக்கு, படம் என்னிக்கு நிக்கும்னு தெரியாம இருக்குமா?"

டிவி கடை திறந்திருந்தது. சுவர் நிறைய டிவிகள், எல்லாவற்றிலும் ஒரே ஆள் ஒரே செய்தியை வாசித்துக்கொண்டிருந்தான். மேஸ்திரியின் மகள் தரையைப் பெருக்கி முடித்திருந்தாள். கல்லாவின்மேல் புருஷனுக்காக ஒரு சட்டையை இஸ்திரி போட்டு மடித்து வைத்திருந்தாள். ஏட்டைப் பார்த்ததும் நன்றி சொன்னாள். அம்மாவைக் கூட்டிப்போன சேதி வந்துவிட்டது என்றாள். இப்போதும் அவள் அழவில்லை.

"முடிச்சை நீ நல்லாப் போட்டிருந்தம்மா" என்றார் ஏட்டு.

அவள் துடைப்பத்தை ஓரமாகச் சாய்த்தாள். "அம்மாவுக்கு வயசாயிடுச்சு, கையும் உடைஞ்சிருக்கு. கோர்ட்டுல இரக்கப்படுவாங்க" என்றாள். "என் வீட்டுக்காரருக்கு யாரு இரக்கப்படுவா? நீங்களே தேடிப் பிடிப்பீங்கன்னு என்னால காத்திருக்க முடியாது."

"அம்மாகிட்டச் சொல்லிட்டுச் செஞ்சியா?"

"கட்டும்போது பார்த்துட்டுத்தான் இருந்தாங்க. ஒண்ணும் கேக்கல."

ஏட்டு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். தெருவில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள் என்றார். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவன் போதும், இறங்கி வரச் சொல்லு என்று கேட்டிருக்கிறான். தெருவில் நின்றவன் இன்னும் இடது என்று கேட்டிருக்கிறான். இரண்டு பேரையும் முட்டாள் என்று ஒதுக்கியாயிற்று. சுவர் வழியாகக் கேட்டது கூடத்துக் குரல். தெருவுக்குக் கேட்டது படிக்கட்டுக் குரல்.

"ரெண்டு பேரும் சரியாத்தான் கேட்டிருக்காங்க" என்றார். "நடுவுல நின்னது நீ."

டிவியில் செய்தி முடிந்து எல்லாத் திரையிலும் ஒரே பல்பொடி விளம்பரம் வந்தது.

"சின்ன வயசுல ஒரு வார்த்தையை மாத்த விட்டதில்ல" என்றாள். "கழுதைன்னா கழுதைன்னே சொல்லணும். அம்மா மேல நின்னு போதும்னு அழறது எனக்குக் கேக்கும். அதைக் கீழ கொண்டுபோனா, போதும்னு அவ என்ன சொல்றதுன்னு அப்பா கேப்பார். அன்னிக்கு அவரு சுவர் ஓரத்துல நின்னு, படம் வருதான்னு கேட்டாரு. அம்மா போதும்னாங்க."

"நீ?"

"வருதுப்பா, இன்னும் ஒரு அடி இடதுன்னேன்." அவள் சட்டையின் மடிப்பைச் சரிசெய்தாள். "அந்த வீட்டுல போதும்னு சொல்லி எது நின்னிருக்கு? சொல்லுங்க."

ஏட்டு ஸ்டூலைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"கடையைச் சாத்திட்டு வாம்மா."

அவள் டிவிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். கூடத்தில் விளக்குப் போவதுபோலச் சுவர் கொஞ்சம் கொஞ்சமாக இருட்டிக்கொண்டு வந்தது. கடைசி டிவியின் முன்னால் கை நின்றது. வெளியே ரோட்டைப் பார்த்தாள். சாயங்காலம் ஆகவில்லை, ஆனாலும் தூரத்தில் ஒரு பைக் சத்தம் கேட்டது.

"அவர் வந்துடுவாருங்க. ஒரு தடவை முகத்தைப் பார்த்துட்டு வரேன். இன்னும் கொஞ்ச நேரம்."

"போதும்" என்றார் ஏட்டு.